"ஒரு ஃப்ரேம்கூட வெட்டல"ன்னு சொன்னது யாரு?

பழைய ரீல்:
நேத்து வெண்புறா போட்டத அப்படியே எடுத்துப் போடுறேன், நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு யாரும் பின்வாங்கக் கூடாது. "போர்ப் பிரச்சாரம் பொய்யில நிக்குது, சமாதானக் குறும்படம் உண்மையில நிக்குது. 1952ல வந்த 'நெய்பர்ஸ்' வெறும் 8 நிமிஷம், ஒரு ஃப்ரேம்கூட வெட்டாம உலகம் முழுக்கக் காட்டுனாங்க, அதான் அதோட பலம்." இதுக்கு வரிசையா கைதட்டு வேற. தம்பி, படத்தப் பாத்துட்டுத்தான் எழுதுனீங்களா? ஒரு ஃப்ரேம்கூட வெட்டலையா? ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவுல ஒரு பூ முளைக்குது, அது யாருதுன்னு வேலி போட்டு, வேலிக்கட்டையாலயே அடிச்சுக்கிட்டு சாவாங்க. அதுல ஒருத்தனோட பொண்டாட்டியையும் கைக்குழந்தையையும் இன்னொருத்தன் அடிச்சுக் கொல்லுற இடம் இருக்கு. அந்த சீனத்தான் வெட்டச் சொன்னாங்க. வெட்டுனாங்க. படத்தோட இயக்குநர் நார்மன் மெக்லாரனே ஒத்துக்கிட்டு வெட்டுனாரு. வியட்நாம் போர் வந்து ஜனங்க மனசு மாறுனப்புறம்தான் திரும்பச் சேர்க்கச் சொன்னாங்க, அதுக்குள்ள அந்த சீனோட மூல நெகட்டிவே அழிஞ்சுபோய், தியேட்டர்ல ஓட்டுற ஒரு பாசிட்டிவ் பிரிண்ட்ல இருந்து எடுத்து ஒட்ட வேண்டியதாப் போச்சு. அதனால அந்த இடத்துல மட்டும் தரம் இறங்கும். இது தெரியாம ஃப்ரேம் கணக்கு பேசக்கூடாது.

வெண்புறா:
முதல்ல, நான் தம்பி இல்ல. ரெண்டாவது, படத்தப் பாத்தேன், ஒரு தடவ இல்ல. ஆரம்பத்துல ரெண்டு பேரும் சாய்வு நாற்காலியில உக்காந்து பேப்பர் படிப்பாங்களே, ஒரு பேப்பர்ல 'சமாதானம் இல்லைன்னா போர் நிச்சயம்'னு தலைப்பு, இன்னொண்ணுல 'போர் இல்லைன்னா சமாதானம் நிச்சயம்'னு தலைப்பு, ரெண்டும் ஒரே விஷயம். அந்த ஒத்த ஷாட்ல பத்திரிகைகள் எப்படி ஜனங்கள போருக்குத் தயார் பண்ணுதுன்னு மொத்தத்தையும் சொல்லிட்டாரு. ஒரு வசனம் இல்ல. எந்த நாட்டுல போட்டாலும் புரியும். நான் பேசுனது அதப்பத்தி. நீங்க ஒரு சீனப் பிடிச்சுக்கிட்டு தொங்குறீங்க.

பழைய ரீல்:
சரி, தம்பி இல்ல, திருத்திக்கிறேன். நீங்களும் திருத்திக்கோங்க. "ஒரு ஃப்ரேம்கூட வெட்டாம"ன்னு எழுதுனது தப்பு. அத எடுத்துட்டா எனக்கு இங்க வேலையே இல்ல.

வெண்புறா:
எடுக்க மாட்டேன். நான் சொன்னது கருத்த வெட்டலங்குற அர்த்தத்துல.

பழைய ரீல்:
ஃப்ரேம்னா கருத்தா? இது எந்த ஊரு அகராதி? கொலைய எடுத்துட்டா கருத்து அப்படியேவா இருக்கும்? பூவுக்காக ரெண்டு ஆம்பளைங்க அடிச்சுக்கிட்டு செத்தாங்கங்குறது வேற. சண்டைக்கே சம்பந்தமில்லாத ஒரு பொம்பளையையும் குழந்தையையும் கொன்னாங்கங்குறது வேற. முதல்ல சொன்னது சண்டை. ரெண்டாவது சொன்னதுதான் போர். வெட்டுனது போர, மிச்சம் வச்சது சண்டைய. இதத்தான் "கருத்த வெட்டல"ன்னு சொல்றீங்க.

கடைசி பெஞ்ச்:
ஒரு சின்ன வேண்டுகோள். பிரச்சாரம்னா என்ன, சமாதானப் படம்னா என்னன்னு முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசலாமா? ஒருத்தர் பொய்ய பிரச்சாரம்ங்குறார், இன்னொருத்தர் வெட்டுறத பிரச்சாரம்ங்குறார்.

ஆறாம் விரல்:
பழைய ரீல் அண்ணனுக்கு வணக்கம், ரொம்ப நாளாச்சு. வெட்டுனது உண்மைதான், மறுக்கல. ஆனா பாதிக் கதையோட நிறுத்திட்டீங்க. நெய்பர்ஸ எடுத்தது கனடா தேசிய திரைப்பட வாரியம். 1939ல ஆரம்பிச்ச அரசாங்க அமைப்பு, ஆரம்பிச்ச அதே வருஷம் போர் வந்துச்சு, போர் முழுக்க அது எடுத்துத் தள்ளுனது போர்ப் பிரச்சாரப் படம். 1941ல எடுத்த 'சர்ச்சில்ஸ் ஐலண்ட்' அப்படிப்பட்ட படம்தான், ஆவணக் குறும்படத்துக்குன்னு கொடுத்த முதல் ஆஸ்கார் அதுக்குத்தான் போச்சு. பதினோரு வருஷம் கழிச்சு 52ல வந்த நெய்பர்ஸுக்கும் அதே ஆவணக் குறும்பட ஆஸ்கார். ஆவணப்படமே இல்லாத ஒரு கதைக்கு! ஒரே வாரியம், ஒரே பிரிவு, ஒண்ணு போருக்கு, ஒண்ணு சமாதானத்துக்கு. மெக்லாரனும் சும்மா இல்ல, 41ல 'வி ஃபார் விக்டரி'ன்னு போர்ச் சேமிப்புக்குப் பணம் போடச் சொல்லி படம் பண்ணாரு, 44ல 'கீப் யுவர் மௌத் ஷட்'னு வாயத் தொறக்காதேன்னு ஒரு மண்டையோட்ட வச்சு பயம்காட்டுனாரு. அதனால "இது உண்மையில நிக்குது, அது பொய்யில நிக்குது"ன்னு வெண்புறா கோடு போட்டது செல்லாது, "வெட்டுனா போச்சு"ன்னு அண்ணன் போடுற கோடும் செல்லாது. கருவி ஒண்ணுதான். பிடிக்கிற கை எந்தப் பக்கம் திரும்புதுங்குறதுதான் விஷயம்.

வெண்புறா:
மெக்லாரனப் பத்தி சொல்றப்ப 1936 ஸ்பெயின விட்டுட்டீங்களே. உள்நாட்டுப் போர் நடக்குறப்ப கேமராவோட மாட்ரிட் போனவரு அவரு. அதே வருஷம் ஹெலன் பிக்கரோட சேர்ந்து ஆயுத வியாபாரத்துக்கு எதிரா படம் பண்ணவரு. வாரியத்துல வாங்குன சம்பளத்துக்கு செஞ்ச வேலைய வச்சு ஆள எடை போடாதீங்க. 50ல கொரியாவுல போர் வெடிச்சப்ப மனசு தாங்காமத்தான் நெய்பர்ஸ் எடுத்தாரு.

பழைய ரீல்:
மனசு தாங்காம எடுத்தாரு, மனசத் தாங்கிக்கிட்டு வெட்டுனாரு. நான் அதத்தான் கேக்குறேன், நீங்க அவரு வாழ்க்கை வரலாறு சொல்லிக்கிட்டு இருக்கீங்க.

இரவுப்பூனை:
நீங்க எல்லாரும் 1952லயே குடியிருங்க. இன்னைக்கு நிலவரம் வேற. 2022 மார்ச்ல உக்ரைன் அதிபர் தன் படைகள சரணடையச் சொல்ற மாதிரி ஒரு போலி வீடியோ வந்துச்சு, கம்ப்யூட்டர்ல செஞ்ச முகம். அதே வருஷம் 'ஆர்மா 3'ங்குற வீடியோ கேம்ல ரெக்கார்ட் பண்ணத நிஜப் போர்க் காட்சின்னு பரப்புறாங்கன்னு அந்த கேம் கம்பெனியே அறிக்கை விட வேண்டிய நிலைமை. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னும் அவங்களே சொன்னாங்க: படம் மங்கலா இருக்கும், ஆடும், இருட்டா இருக்கும், சத்தம் இருக்காது, ஆளுங்க நடமாடுறது பெரும்பாலும் இருக்காதுன்னு. இதுதான் எதிரி. முப்பது செகண்ட். இத எதிர்க்க நீங்க ஆறு மாசம் ஸ்க்ரிப்ட் எழுதி, ஒளி பாத்து, சப்டைட்டில் போட்டு, விழாவுக்கு அனுப்பி, அங்க வர்ற அம்பது பேரும் ஏற்கெனவே போர் வேண்டாம்ங்குறவங்க. போருக்குக் கைதட்டுறவன் ஒருத்தன் அந்த ஹாலுக்குள்ள வந்து நான் பாத்ததே இல்ல.

பழைய ரீல்:
பூனை சொல்றது நியாயம். ஆனா பொய்க்காட்சி புதுசு இல்ல. 1916ல 'பேட்டில் ஆஃப் தி சோம்'னு பிரிட்டன்ல ஒரு படம், முதல் உலகப் போர் நடந்துக்கிட்டு இருக்குறப்பவே தியேட்டருக்கு வந்துச்சு, ஆறே வாரத்துல ரெண்டு கோடி டிக்கெட் வித்ததா கணக்கு. அதுல பதுங்குகுழிய விட்டு ஏறி ஓடுற காட்சிதான் எல்லார் மனசுலயும் பதிஞ்சது. அது களத்துக்குப் பின்னாடி பயிற்சி எடுக்குற இடத்துல நடிச்சு எடுத்தது. உத்துப் பாருங்க, போருக்குப் போறவன் முதுகுல மூட்டையே இருக்காது. அந்தக் காட்சியப் பாத்து அழுத தாய்மாருங்க இருக்காங்க. நடிப்பப் பாத்து அழுதாங்க. அதனாலதான் சொல்றேன், நம்ம பக்கம் படம் எடுக்குறவன் ஒரு ஃப்ரேம்ல கூட சமரசம் பண்ணக்கூடாது. அவன் சேர்க்குறான், நீங்க வெட்டுறீங்க. ரெண்டும் ஒண்ணுதான்.

ஆறாம் விரல்:
அதே படத்துல நிஜமான பிணங்களும் இருக்கு அண்ணே, நிஜமான காயம்பட்டவங்களும் இருக்காங்க. நடிச்ச காட்சி ஒண்ணு இருக்குங்குறதால அது எல்லாமே பொய்யாயிடுச்சா? அழுத தாய்மாரு அழுகையும் பொய்யா?

வெண்புறா:
வெட்டுறதப் பத்தி இவ்வளவு பேசுற பழைய ரீல் சாருக்கு ஒண்ணு கேக்குறேன். 1945ல குண்டு விழுந்தப்புறம் ஜப்பான் கேமராக்காரங்க ஹிரோஷிமாவுலயும் நாகசாகியிலயும் எடுத்த சுருள அமெரிக்க ராணுவம் பறிச்சுக்கிட்டுப் போய் ரகசியம்னு பூட்டி வச்சது. இருபது வருஷத்துக்கு மேல யார் கண்ணுலயும் படல. அது வெளிய வந்தப்புறம் அமெரிக்க ஊடக வரலாற்றாளர் எரிக் பார்னோ அதுல இருந்து 1970ல ஒரு படம் பண்ணாரு, 16 நிமிஷம். அழ வைக்கப் பாக்கல. கல்லு மேல, மரத்து மேல, தோல் மேல குண்டோட வெளிச்சம் விட்டுட்டுப் போன தடம், அதக் காட்டிக்கிட்டு குரல் மெதுவா சொல்லிக்கிட்டே போகும். "குண்டு போட்டதாலதான் போர் முடிஞ்சது"ன்னு 25 வருஷமா கேட்டு வளர்ந்தவன் முன்னாடி போட்ட படம் இது. குறும்படத்தால என்ன ஆகும்னு கேக்குறவங்க அந்த 16 நிமிஷத்தப் பாத்துட்டு வந்து பேசுங்க.

ஆறாம் விரல்:
நல்ல உதாரணம் எடுத்தீங்க. பார்னோ கைக்கு வந்தது ரெண்டரை மணி நேரத்துக்கும் மேல ஓடுற சுருள். அவர் காட்டுனது 16 நிமிஷம். மிச்சம் எங்க போச்சு? வெட்டுனாரு. இப்ப பழைய ரீல் அண்ணன் சொல்லணும், பார்னோ செஞ்சது துரோகமா?

பழைய ரீல்:
தெரிஞ்சுக்கிட்டே கேக்குற. பார்னோ தானா வெட்டுனாரு, சொல்ல வேண்டியது நெஞ்சுல ஏறணும்னு வெட்டுனாரு. மெக்லாரன் அடுத்தவன் சொல்லி வெட்டுனாரு, பாக்குறவன் முகம் சுளிப்பான்னு வெட்டுனாரு. முதல்ல சொன்னது எடிட்டிங். ரெண்டாவது பயம். இன்னொண்ணும் கேட்டுக்கோ, 1956ல பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனேவோட 'நைட் அண்ட் ஃபாக்' வந்துச்சு, 32 நிமிஷம், நாஜி முகாம்கள் பத்தி. அதுல ஒரு பழைய போட்டோ, முகாமக் காவல் காக்குற ஆளு தலையில பிரெஞ்சு போலீஸ் தொப்பி. யூதர்களப் பிடிச்சு அடைச்சதுல பிரான்ஸ்காரன் கையும் இருக்குன்னு அந்த ஒத்த தொப்பி சொல்லிடும். தணிக்கைக்காரங்களுக்கு அதுதான் உறுத்துச்சு. பிணக்குவியலக் காட்டலாம், எலும்பக் காட்டலாம், தொப்பியக் காட்டக்கூடாது! கடைசில தொப்பி மேல ஒரு மரச்சட்டம் இருக்குற மாதிரி வரைஞ்சு மறைச்சாங்க. எப்பவுமே வெட்டச் சொல்ற இடம் எதுன்னு பாருங்க, நம்மாளு தப்புப் பண்ணத காட்டுற இடம். அடுத்தவன் கொடுமைய எவ்வளவு வேணாக் காட்டிக்கோ, உன் வீட்டுத் தொப்பியக் காட்டாதே. அந்தத் தொப்பி போச்சுன்னா அது சமாதானப் படம் இல்ல, அதுவும் ஒரு பக்கத்துப் பிரச்சாரம்தான்.

வெண்புறா:
தொப்பிய மறைச்ச அந்தப் படம் ஒண்ணுமில்லாமப் போயிடுச்சா? இன்னைக்கு வரைக்கும் பிள்ளைங்களுக்கு அதப் போட்டுக் காட்டுறாங்க. உங்க கணக்குப்படி ரெனே படத்தப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கணுமா?

இரவுப்பூனை:
ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹூஸ்டன விட்டுட்டீங்க. 46ல 'லெட் தேர் பி லைட்'. போர்ல இருந்து வந்த சிப்பாய்ங்க கை நடுங்கி, பேச்சு வராம, அழுதுக்கிட்டு ஆஸ்பத்திரில இருக்குறது. அரசாங்கம்தான் எடுக்கச் சொன்னது, எடுத்து முடிச்சதும் அதே அரசாங்கம் தடுத்துடுச்சு, 1980 வரைக்கும் வெளிய விடல. சிப்பாய் வீரமா திரும்பி வருவான்ங்குற கதைய அது உடைச்சிடும்ல.

ஆறாம் விரல்:
அது 58 நிமிஷம் பூனை. குறும்படம் இல்ல. ஆஸ்கார் கணக்குலயே 40 நிமிஷம்தான் எல்லை.

இரவுப்பூனை:
சோம் படம் ஒரு மணி நேரத்துக்கு மேல, அத பழைய ரீல் சொன்னப்ப உங்க கடிகாரம் ஓடலையா? எனக்கு மட்டும் நிமிஷக் கணக்கு பாக்குறது ஏன்?

ஆறாம் விரல்:
சோம் போர்ப் பிரச்சாரத்துக்கு உதாரணம், குறும்படத்துக்கு இல்ல. படிச்சுட்டுப் பேசுங்க.

இரவுப்பூனை:
இங்க எல்லாரும் படிச்சுட்டுத்தான் பேசுறாங்க, நீங்க ஒருத்தர்தான் பரீட்சைப் பேப்பர் திருத்துறீங்க.

கடைசி பெஞ்ச்:
பிரச்சாரம்னா என்னன்னு கேட்டிருந்தேன். இப்ப குறும்படம்னா என்னங்குறதும் சேர்ந்துடுச்சு. யாராவது?

ஆறாம் விரல்:
பழைய ரீல் அண்ணன் ஏன் இந்த வெட்டுல இப்படி நிக்குறாருன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. அவரே சொல்லட்டும்.

பழைய ரீல்:
சொல்றேன், எனக்கென்ன பயம். ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு படம் எடுத்தேன், 10 நிமிஷம் 40 செகண்ட். எந்த நாடு, எந்தக் கொடி, எந்தப் பாஷை எதுவும் அதுல கிடையாது. போர் முடிஞ்சு ஒரு அம்மா வீட்டுக்குத் திரும்பி வரும். கதவோரம் பையனோட ஒத்த ஷூ கிடக்கும், அந்தம்மா உக்காந்து அதுக்கு லேஸ் கோக்கும். முனை பிரிஞ்ச லேஸு, ஓட்டைக்குள்ள போகாது, எச்சில் தொட்டு முறுக்கி முறுக்கிக் கோக்கும், கடைசி ஓட்டை வரைக்கும் கோத்து, ரெண்டு முனையையும் இழுத்து சமம் பாத்து, முடிச்சுப் போடாம விட்டுடும். 40 செகண்ட், ஒரே ஷாட். சத்தம்னா லேஸு தோலுல உரசுற சத்தம் மட்டும்தான். ஒரு விழாக்காரங்க 10 நிமிஷத்துக்கு மேல எடுத்துக்க மாட்டோம்னாங்க. எடிட்டர் ஆறாம் விரல். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அந்த 40 செகண்டத் தூக்கிட்டு அனுப்பிட்டாரு. படத்துக்குப் பரிசு கிடைச்சுது. மேடையில ஏறுனேன், கைதட்டுனாங்க. வந்து பாராட்டுனவங்கள்ல ஒருத்தர்கூட அந்த அம்மாவப் பத்திப் பேசல, குண்டு வெடிக்கிற சத்தம் பிரமாதம்னாங்க. சமாதானத்துக்குன்னு எடுத்த படத்துல சவுண்ட் எஃபெக்ட்டப் பாராட்டுனாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடல.

ஆறாம் விரல்:
சொல்லாம அனுப்பல. மூணு தடவ போன் பண்ணேன், நீங்க எடுக்கல. கடைசி நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள ஏத்தணும், 10.40 இருந்தா படமே உள்ள போகாது, நீங்க நாலு மாசம் உழைச்சது, நடிச்சவங்க உழைச்சது எல்லாம் குப்பை. நான் எதத் தூக்குறது? கதை புரியணும்னா வெடிக்கிற இடம் வேணும், வீடு வேணும். லேஸ எடுத்தா கதை நிக்கும்னு முடிவு பண்ணேன். இன்னைக்கு உக்கார வச்சாலும் அதத்தான் பண்ணுவேன். யாருமே பாக்காத முழுப்படத்த விட நானூறு பேர் பாத்த வெட்டுன படம் மேல்.

பழைய ரீல்:
நானூறு பேர் எதப் பாத்தாங்க? அதச் சொல்லு. வெடிக்கிறதப் பாத்தாங்க. அத டிவியில தினமும் பாக்குறாங்களே, அதுக்கு நான் எதுக்கு? போர் வேணும்ங்குறவன் காட்டுறதும் வெடிதான், நீ மிச்சம் வச்சதும் வெடிதான். அவன்கிட்ட இல்லாதது என்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அந்த லேஸு. அதத்தான் எடுத்த.

வெண்புறா:
இப்ப புரியுது. உங்க படத்தோட கோபத்த என் பதிவுல இறக்கியிருக்கீங்க. நான் அந்த 40 செகண்டத் தொடல சார். நெய்பர்ஸ் விஷயத்துல என் நிலைப்பாடு அதேதான், வெட்டுன வருஷங்கள்லயும் அந்தப் படத்தப் பாத்து மனசு மாறுனவங்க இருப்பாங்க, அவங்களுக்கு அது கிடைக்காமலே போயிருக்கணும்ங்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

பழைய ரீல்:
அப்ப "வெட்டுன வருஷங்கள்"னு ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்கிறீங்க. நேத்து எழுதுனதுல "ஒரு ஃப்ரேம்கூட வெட்டாம"ன்னு இன்னும் நிக்குது. திருத்துங்க.

வெண்புறா:
திருத்த மாட்டேன்னு சொல்லிட்டேன்.

இரவுப்பூனை:
இந்த நேரத்துல எத்தனை போலி வீடியோ எத்தனை லட்சம் பேருக்குப் போயிருக்கும்னு யாராவது யோசிச்சீங்களா? நீங்க லேஸு கோத்துக்கிட்டு இருங்க.

பழைய ரீல்:
பூனை, லேஸப் பத்தி நீ பேசாத. வேற என்ன வேணா பேசு.

கடைசி பெஞ்ச்:
நான் கேட்டத விட்டுடுறேன். அந்த 40 செகண்ட் இப்ப எங்க இருக்கு?

ஆறாம் விரல்:
என் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. ஏழு வருஷத்துல ரெண்டு கம்ப்யூட்டர் மாத்திட்டேன், ஒவ்வொரு தடவையும் அத முதல்ல காப்பி பண்ணிட்டுத்தான் மத்ததத் தொட்டேன். அண்ணன் ஒரு வார்த்தை கேட்டா இன்னைக்கே அனுப்பிடுவேன்.

பழைய ரீல்:
தூக்குனவன்தான் திருப்பி வைக்கணும். நான் எதுக்குக் கேக்கணும்? வெண்புறா, உங்க பதிவு இன்னும் அப்படியேதான் இருக்கு, இப்பதான் போய்ப் பாத்தேன்.